கண்ணாடி போட்டவருக்கு ஜூமா, 8×42-ஆ?

பெங்களூரு ஹெப்பாள் ஏரியில் பறவை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம், 10-30×50 ஜூமா, நிக்கான் அக்குலான் 8×42-ஆ என்று கேட்டிருக்கீங்க, கண்ணாடி போடுறவர்னும் சொல்லியிருக்கீங்க. ஜூமை விட்டுடுங்க. ×-க்கு முன் வருவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, பின் வருவது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-இல். ஜூமை 30 மடங்குக்கு வச்சா, 50-ஐ 30-ஆல் வகுத்தால் 1.7 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அவ்வளவுதான். காலை ஆறு மணி வெளிச்சத்தில் இருட்டாத்தான் தெரியும். அந்த உருப்பெருக்கத்தில் கை நடுக்கமும் சேர்ந்தால் நாமக்கோழியின் நெற்றிகூட நிற்காது. 8×42-இல் அதே வட்டம் 5.25 மி.மீ.

ஆனா அக்குலானும் உங்களுக்குச் சரிவராது. அதன் ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரிய கண் பின் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம், 12 மி.மீ. மட்டுமே. கண்ணாடியோடு பார்த்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். குறைந்தது 16 வேணும். நிக்கானிலேயே புரோஸ்டாஃப் பி3 8×42-இல் 20-க்கு மேல் இருக்கு. மோனார்க் எம்5 8×42-இல் 19.5, ஓரங்களில் நிறம் சிதறுவதைக் குறைக்கும் ஈடி லென்ஸும் உண்டு. பட்ஜெட் இடம் கொடுத்தா அதுதான் என் ஓட்டு.

வாங்கும்போது கடைக்கு வெளியே வந்து சோதிங்க. கண் வைக்கும் இடத்திலுள்ள வளையத்தை (ஐகப்) முழுசா உள்ளே இறக்குங்க. வலது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்கு ஃபோகஸ் பண்ணுங்க. பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்கத்தை மட்டும் சரிசெய்யும் டயாப்டர் வளையத்தால் வலக்கண்ணுக்கு. அடுத்து தூரத்து மாடிச் சுவரின் விளிம்பைப் பார்த்தபடி பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்க. இரண்டு பக்கமும் அந்தக் கோடு ஏணிப்படி மாதிரி ஏறி இறங்கினால் உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசம் விலகியிருக்கு, அந்தப் பீஸ் வேண்டாம். பத்து நிமிஷத்தில் தலைவலி வரும். வேற பீஸ் கேளுங்க, தயங்க வேண்டாம்.