வெளியே வரும் வாசலைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, நான் மெல்பர்னில் டான்டினாங் பக்கம் குடியிருக்கிறேன். கிடங்கு ஒன்றில் வேலை. அங்கே எல்லோரும் ஃபோனில் பந்தயம் கட்டுகிறார்கள். போன மெல்பர்ன் கப் அன்று நானும் சேர்ந்து கட்டினேன். அப்புறம் பிக் பாஷ் கிரிக்கெட், சனிக்கிழமை குதிரை என்று தொடர்கிறது. மாதம் 100 டாலரைத் தாண்டுவதில்லை. இப்போது நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு புது சைட்டின் லிங்க் அனுப்பியிருக்கிறார். சேர்ந்தவுடன் போட்ட பணத்துக்கு இரண்டு மடங்கு போனஸாம், கிரிப்டோவிலும் பணம் போடலாமாம், மேட்ச் நடக்கும்போதே பந்துக்குப் பந்து கட்டலாமாம். இங்குள்ள பெரிய ஆப்களைவிட விலையும், அதாவது கட்டிய ஒரு டாலருக்கு ஜெயித்தால் திரும்ப வரும் தொகையும், நன்றாக இருக்கிறது என்கிறார். ஒரு பந்தயக் கம்பெனி நல்லதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? மனைவிக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது.
பெயர் வேண்டாம், விக்டோரியா.

பதில்: தம்பி, அந்த லிங்கை இப்போதே அழித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நண்பர் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் அவர் பெருமையாகச் சொன்ன மூன்றுமே ஆஸ்திரேலியாவில் உரிமம் வாங்கிய கம்பெனி செய்யக்கூடாதவை. புதிதாகச் சேருகிறவருக்குப் போனஸ் காட்டி இழுப்பதற்குத் தடை இருக்கிறது. 2024 ஜூன் 11 முதல் கிரெடிட் கார்டிலும் கிரிப்டோவிலும் பந்தயப் பணம் வாங்கக்கூடாது. மேட்ச் தொடங்கிய பிறகு இணையத்தில் பந்தயம் வாங்குவதை 2001-இல் வந்த இன்டராக்டிவ் கேம்ப்ளிங் சட்டம் தடுக்கிறது. ஃபோனில் கூப்பிட்டு வாயால் சொல்லிக் கட்டலாம், ஆப்பில் முடியாது. ஆக, பந்துக்குப் பந்து கட்டலாம் என்று ஒரு சைட் சொன்னால், அது இந்த ஊர்ச் சட்டத்துக்கு வெளியே நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. குதிரைப் பந்தயத்துக்குப் பக்கத்திலேயே ரூலெட், ஸ்லாட் மெஷின் படங்கள் மின்னினாலும் அப்படித்தான். ஆன்லைன் கேசினோவுக்கு இங்கே உரிமமே கிடையாது.

அங்கே கட்டினால் உங்களைப் போலீஸ் பிடிக்காது. சட்டம் நடத்துகிறவரைத்தான் குறிவைக்கிறது. ஆனால் பணம் மாட்டிக்கொண்டால் போய்ச் சொல்ல இடம் இருக்காது. இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் அண்ணன் மகன் இப்படி ஒரு வெளிநாட்டு சைட்டில் 1,400 டாலர் ஜெயித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை மேசையில் வைத்து அதை எடுக்கப் பார்த்தோம். பணம் போடும்போது பெயரைத் தவிர ஒன்றும் கேட்காதவர்கள், எடுக்கப் போனதும் பாஸ்போர்ட் படம் கேட்டார்கள். அனுப்பினான். கரண்ட் பில் கேட்டார்கள். அனுப்பினான். கையில் தேதி எழுதிய காகிதத்தைப் பிடித்து முகம் தெரிய ஒரு படம் வேண்டும் என்றார்கள், அதையும் எடுத்தோம். கடைசியில் போனஸ் வாங்கியிருப்பதால் அந்தத் தொகையை 30 தடவை பந்தயத்தில் சுற்றினால்தான் எடுக்கலாம் என்றார்கள். சாட் பெட்டியில் "எங்கள் குழு கவனித்துக்கொண்டிருக்கிறது" என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பணம் கடைசி வரை வரவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் படம் மட்டும் யாரிடமோ இருக்கிறது. எனக்கு இன்றும் அதுதான் பயம்.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளே போகிற வாசலை எல்லாக் கம்பெனியும் அழகாகத்தான் கட்டி வைத்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வெளியே வருகிற வாசலை. பணத்தை எப்படி எடுப்பது, நிறுத்த நினைத்தால் எப்படி நிறுத்துவது, தகராறு வந்தால் யாரிடம் போவது. இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால்தான் விலை, ஆப்பின் வேகம், நேரடி ஒளிபரப்பு பற்றியெல்லாம் யோசிக்கலாம்.

முதலில் உரிமம். ஆக்மா என்று சுருக்கமாகச் சொல்லும் ஆஸ்திரேலியத் தொடர்பு, ஊடக ஆணையம், உரிமம் பெற்ற பந்தயக் கம்பெனிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கம்பெனியின் சைட்டில் அடியில் இருக்கும் முத்திரையை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். ஆக்மாவின் பட்டியலுக்கே போய்ப் பெயரைத் தேடுங்கள். முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், நல்ல கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போலி சைட் வைக்கிறவர்கள் உண்டு. சட்டத்துக்குப் புறம்பான சைட்களை 2019 முதல் ஆக்மா முடக்கிவருகிறது. ஒன்றை முடக்கினால் அதுவே வேறு முகவரியில் மறுபடி முளைக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க் சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே இணையத்தில் நடத்தும் கம்பெனிகளில் பெரும்பாலானவை டார்வினில், நார்தர்ன் டெரிட்டரி அரசின் உரிமத்தில் இயங்குகின்றன. நீங்கள் இருப்பது விக்டோரியாவானாலும், அந்தக் கம்பெனியோடு தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தீரவில்லை என்றால் நார்தர்ன் டெரிட்டரியின் பந்தய ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லாமல் எழுதலாம். புகார் சொல்ல ஒரு கதவு இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என் அண்ணன் மகனைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது ஐடி. பந்தயம் கட்டுவதற்கு முன்பே நீங்கள் யார் என்று சரிபார்த்துவிட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் இங்குள்ள விதி. அக்கவுன்ட் திறக்கும்போது டிரைவிங் லைசென்ஸ் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், அது நல்ல அடையாளம். ஜெயித்த பிறகு கேட்பதுதான் கெட்டது.

பிறகு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். 20 டாலர் போடுங்கள், அதில் கட்டுங்கள், மிச்சம் இருப்பதை உடனே எடுங்கள். போட்ட பணத்தை ஒரு தடவையாவது பந்தயத்தில் வைத்தால்தான் எடுக்க விடுவோம் என்று பல கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன, அதை முன்னாடியே படித்துக்கொள்ளுங்கள். வித்ட்ரா பட்டன் எத்தனை திரைக்கு உள்ளே இருக்கிறது, எடுக்கக் கேட்ட பிறகு "மனம் மாறிவிட்டதா, ரத்து செய்யலாமே" என்று சபலம் காட்டுகிறார்களா, வங்கிக்கு எத்தனை நாளில் வருகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். பணம் எடுப்பது, அக்கவுன்டை மூடுவது, போடும் பணத்துக்கு வரம்பு வைப்பது, இந்த மூன்றையும் யாரிடமும் கேட்காமல் நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம்.

இப்போது விலை. அதாவது ஆட்ஸ். நண்பர் சொன்ன "நல்ல விலை"யை நீங்களே அளந்து பார்க்கலாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. சமபலமான இரண்டு அணிகளுக்கும் 1.90 என்று போட்டிருந்தால், இரண்டு பக்கமும் 100, 100 கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 200 போகிறது, யார் ஜெயித்தாலும் 190 வருகிறது. அந்தப் 10 டாலர் கம்பெனியின் பங்கு, நூற்றுக்கு ஐந்து. 1.95 என்றால் இரண்டரை. 1.85 என்றால் ஏழரை. குதிரைக்கும் இதே வழிதான், கொஞ்சம் நீளம். ஒவ்வொரு குதிரையின் விலையாலும் 100-ஐ வகுத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, எட்டுக் குதிரை ஓடுகிற பந்தயத்தில் 2.80, 4, 5.50, 7, 9, 13, 17, 26 என்று விலை இருந்தால் கூட்டுத்தொகை சுமார் 122 வரும். எந்தக் குதிரை வந்தாலும் கையில் 100 டாலர் கிடைக்க வேண்டுமானால் 122 டாலர் கட்டியாக வேண்டும் என்று அர்த்தம். ஒரே பந்தயத்தை மூன்று கம்பெனிகளில் ஒரே நேரத்தில் கூட்டிப் பாருங்கள். யாருக்குக் குறைவாக வருகிறதோ அவர் விலைதான் நல்லது. டிவியில் யார் அதிகம் விளம்பரம் செய்கிறார் என்பது இதில் எதையும் சொல்லாது.

மல்ட்டி என்று கவர்ச்சியாகக் காட்டுவார்கள் பாருங்கள், பல ஆட்டங்களை ஒரே பந்தயமாகக் கோத்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம் என்பது, அதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சமபலமான நான்கு ஆட்டங்களை 1.90 விலையில் கோத்தால் 13 மடங்கு தருவார்கள். நியாயமாக வர வேண்டியது 16 மடங்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்த ஐந்து, நான்கும் சேரும்போது பதினெட்டைத் தாண்டிவிடுகிறது. எந்தக் கம்பெனியின் முகப்பில் மல்ட்டிதான் பெரிதாக நிற்கிறதோ, அது யாருடைய லாபத்துக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே வாடிக்கையாளராக இருப்பவருக்கு போனஸ் பெட், அதாவது கம்பெனியின் பணத்தில் கட்டும் பந்தயம், தருவது உண்டு. 20 டாலர் போனஸ் பெட்டை 3.00 விலையில் கட்டி ஜெயித்தால் 60 வராது, 40-தான் வரும். கட்டிய 20 உங்களுடையதல்ல என்பதால் அது திரும்பாது. ஆனால் ஜெயித்த 40-ஐ மறுபடி சுற்றச் சொல்லாமல் எடுக்க விட வேண்டும், அது விதி.

மெல்பர்ன் கப்பில் கட்டுவதாகச் சொன்னதால் இன்னொன்று. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமைக்கு மாதக்கணக்கில் முன்பே கப்புக்கு விலை போட்டுவிடுவார்கள். ஓடப்போவது அதிகபட்சம் 24 குதிரைகள்தான். அந்த முன்கூட்டிய பந்தயத்தில் உங்கள் குதிரை களத்துக்கே வராவிட்டாலும் பணம் திரும்பாது. கடைசிப் பட்டியல் வந்த பிறகு நிலையான விலையில் கட்டி, அப்புறம் உங்கள் குதிரை விலகினால் பணம் திரும்பும். வேறு குதிரை விலகினால் உங்கள் விலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். எந்த வகையில் கட்டுகிறீர்கள் என்பதைப் பந்தயச் சீட்டில் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தொடர்ந்து ஜெயிக்கிறவருக்குச் சில கம்பெனிகள் கட்டும் அளவைக் குறைத்துவிடுகின்றன என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. குதிரைக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல், நகரத்துப் பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தால் கம்பெனி 2,000 டாலர் இழக்கும் அளவுக்காவது உங்கள் பந்தயத்தை ஏற்க வேண்டும், நாட்டுப்புறத்தில் 1,000. விக்டோரியாவிலும் பின்னால் இதுபோன்ற விதி வந்தது. கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் அப்படி இல்லை. மாதம் 100 டாலர்க்காரருக்கு இது பெரிய கவலை இல்லை, விட்டுவிடுங்கள்.

உங்கள் கவலை அந்த 100 டாலர்தான். என் கவலையும் அதுதான். "தாண்டுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், தாண்டவில்லை என்று எப்படித் தெரியும்? உரிமம் பெற்ற ஒவ்வொரு கம்பெனியும் மாதாமாதம் உங்களுக்கு ஒரு கணக்கு மெயிலில் அனுப்பியாக வேண்டும். எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு ஜெயித்தீர்கள், கழித்தால் எவ்வளவு போனது என்று அதில் இருக்கும். கடந்த ஆறு மாதத்து மெயில்களைத் திறந்து கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது இரண்டாவது ஆப், மூன்றாவது ஆப் கணக்கையும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு ஆப்பிலும் மாத வரம்பு வையுங்கள். வரம்பு அந்தந்தக் கம்பெனிக்குத்தான் செல்லும், மூன்று ஆப்பில் 100 என்று வைத்தால் அது 300. குறைக்கச் சொன்னால் உடனே குறையும், கூட்டச் சொன்னால் ஏழு நாள் காத்திருக்க வைப்பார்கள். தோற்ற ராத்திரி கை பரபரக்கும்போது அந்த ஏழு நாள் பெரிய உதவி. அதனால் என் யோசனை, ஒரே ஒரு ஆப், ஒரே வரம்பு.

முழுக்க நிறுத்த நினைத்தால் பெட்ஸ்டாப் என்ற அரசுப் பதிவேடு இருக்கிறது, 2023 ஆகஸ்டில் வந்தது. அதில் ஒரு தடவை பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா இணைய, ஃபோன் பந்தயக் கம்பெனிகளும் உங்களுக்குக் கதவைச் சாத்த வேண்டும், விளம்பரமும் அனுப்பக்கூடாது. குறைந்தது மூன்று மாதம், வேண்டுமானால் ஆயுள் முழுக்க. நண்பர் அனுப்பிய மாதிரியான சைட்டை இது கட்டுப்படுத்தாது. அந்த லிங்கை அழிக்கச் சொன்னதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

மனைவி விஷயம். ஆறு மாதக் கணக்கைக் கூட்டுவதை அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். கணக்கு கையில் இருந்தால் பேச்சு எளிதாக இருக்கும், அது 600-க்குள் இருந்தால் அவருக்கும் நிம்மதி. கூடுதலாக இருந்தால், அல்லது அவரிடம் சொல்லவே முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், 1800 858 858-ஐக் கூப்பிடுங்கள். சூதாட்ட உதவிக்கான எண், இரவு பகல் எந்நேரமும், இலவசம். குடும்பத்தாரும் பேசலாம். தமிழில் பேச வேண்டுமானால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு அந்த எண்ணுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

நண்பருக்கும் இதைக் காட்டுங்கள். அவர் அந்த சைட்டில் பணம் போட்டிருந்தால் இன்றே எடுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் படம் கேட்டால் அனுப்ப வேண்டாம், முதலில் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.