காய்க்காத நெருப்புமுள் வேலி

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலியோரம் வைத்த பைரகாந்தா (நெருப்புமுள்) செடி ஆள் உயரத்துக்கு அடர்ந்துவிட்டது. குளிர்கால இறுதியிலும் பூக்கும் பருவத்திலும் சீராகக் கவாத்து செய்கிறேன். ஆயினும் காய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பிடிக்கின்றன. இப்போது சில கொப்புகளின் நுனி தீயில் வாட்டியதுபோல் கருகியிருக்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறைவு அன்று, காய்களைத் தங்கள் கவாத்துக் கத்தரியே எடுத்துவிடுகிறது. பைரகாந்தா நடப்பாண்டுத் தளிரில் பூப்பதில்லை. சென்ற ஆண்டு வளர்ந்து முற்றிய கிளையின் குட்டையான பக்கக் கொப்புகளில்தான் வெண்ணிறப் பூங்கொத்துகள் வரும். ஆகவே குளிர்கால இறுதியில் வேலியை மட்டமாக வெட்டும்போது அவ்வாண்டின் பூவும், பூக்கும் பருவத்தில் வெட்டும்போது எஞ்சிய பிஞ்சும் போய்விடுகின்றன. கருகிய கொப்புகளை நீக்குவதைத் தவிர, இனி ஓராண்டு முழுவதும் கவாத்து செய்யாதீர்கள். பிறகு, கோடை பிற்பகுதியில் பிஞ்சுகள் கண்ணுக்குத் தெரியும்போது, காய்க்கொத்தைத் தாண்டி நீண்டிருக்கும் புதுத் தளிரை மட்டும் இரண்டு மூன்று இலை விட்டு நறுக்கினால், வேலியும் அடங்கி நிற்கும், சிவப்போ ஆரஞ்சோ மஞ்சளோ பழுக்கும் காய்களும் இலைக்குள் மறையாமல் வெளியே தெரியும். நிழலில் நிற்கும் பகுதி எப்படிப் பார்த்தாலும் குறைவாகத்தான் காய்க்கும்.

கருகலைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள். தளிரின் நுனி குடைக் கைப்பிடிபோல் வளைந்து, காய்ந்த இலைகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்து, பட்டையைச் சுரண்டினால் உள்ளே செம்பழுப்புக் கீற்று ஓடினால், அது எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியாவால் வரும் தீக்கருகல் நோய். பூஞ்சைக்கொல்லி தெளிப்பதால் பயன் பெரிதாக இல்லை. மழையில்லாத நாளில், கருகல் முடியும் இடத்திலிருந்து குறைந்தது 30 செ.மீ. கீழே நல்ல மரம் தெரியுமாறு வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தரியை 70% ஆல்கஹாலில் துடைத்து, வெட்டியதை எரித்துவிடுங்கள். அருகில் ஆப்பிள், பேரி மரங்கள் இருந்தால் தாமதிக்கவே கூடாது, ஏனெனில் அவையும் இதே நோய்க்கு ஆளாகும் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தழைச்சத்து உரத்தையும் நிறுத்துங்கள். அது விரைந்து வளர்க்கும் மெல்லிய தளிரில்தான் நோய் எளிதில் ஏறும்.

காய்களின்மீது மட்டும் கரும்புகைபோல் படிவு இருந்தால் அது சொறி நோய் என்னும் பூஞ்சை. அதற்கு உதிர்ந்த இலைகளை அகற்றிக் காற்றோட்டம் தருவதே முதல் வேலை.

தடித்த தோல் கையுறை இல்லாமல் இச்செடியைத் தொடாதீர்கள். வெட்டிப் போட்ட முள் காய்ந்தபின்தான் இன்னும் கடினமாகும். தள்ளுவண்டிச் சக்கரம் அவ்வழியே போகுமுன் கூட்டி அள்ளிவிடுங்கள்.