கடைசி இடத்து அணியின் கடைசி ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக்கின் 2007 பருவத்துக் கடைசி நாளில் உராவா ரெட்ஸ் பட்டத்தைக் கோட்டைவிட்ட கதையை எழுதியிருந்தீர்கள். எதிரே ஆடிய யொக்கோஹாமா எஃப்சி, இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது முன்பே உறுதியாகிவிட்ட அணி. தோற்றாலும் நட்டமில்லை, வென்றாலும் லாபமில்லை. அவர்கள் எதற்காக அப்படி உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? உராவாவின் அலட்சியம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களைப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். நவம்பர் நடுவில்தான் ஈரானின் செபஹானை வென்று ஆசிய சாம்பியன்ஸ் லீக்கைக் கைப்பற்றியிருந்தார்கள். பத்தே நாளில் சொந்த மைதானத்தில் காஷிமா அன்ட்லர்ஸிடம் 0-1 என்று தோற்றார்கள். கடைசி நாளில் கையிருப்பு காஷிமாவைவிட ஒரே ஒரு புள்ளி முன்னிலை.

உங்கள் கேள்விக்கு 1998க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு யொக்கோஹாமா ஃபிளூகல்ஸைப் பணநெருக்கடி காரணமாக உள்ளூர்ப் போட்டியாளரான மரினோஸுடன் இணைத்துவிட்டார்கள். ரசிகர்களின் கூக்குரல் எடுபடவில்லை. 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பை இறுதியில் ஷிமிசு அணியை 2-1 என்று வென்றுவிட்டு அந்த அணி கலைந்தது. இணைந்த கிளப்பின் பெயரான ‘யொக்கோஹாமா எஃப். மரினோஸ்’ என்பதில் மிஞ்சியது ‘எஃப்’ என்ற ஓர் எழுத்துதான். அந்த எழுத்தோடு திருப்தியடையாத ரசிகர்கள் கைக்காசு போட்டுத் தொடங்கியதே யொக்கோஹாமா எஃப்சி. ஃபிளூகல்ஸின் கடைசிக் கேப்டன் மொட்டோஹிரோ யமகுச்சி 2007இல் இந்த அணியில்தான் இருந்தார்.

டிசம்பர் 1 ஆட்டம் அவர்களுடைய சின்ன மிட்சுசாவா மைதானத்தில் நடக்கவில்லை. 2002 உலகக் கோப்பை இறுதி நடந்த நிசான் மைதானத்தில் நடந்தது. அது யாருடைய வீடு தெரியுமா? மரினோஸுடையது! எழுபதாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்தில் எங்கு திரும்பினாலும் உராவாவின் சிவப்பு. யொக்கோஹாமா எஃப்சியின் வானநீலத்தைத் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்காரரே விருந்தாளியாக நின்றார்.

முதல் பாதியில் யொக்கோஹாமா எஃப்சியின் மியுரா கிராஸ் கொடுத்தார். நெமோட்டோ அதை வலைக்குள் அனுப்பினார். மியுராவுக்கு அப்போது வயது நாற்பது. ஜப்பானின் 1998 உலகக் கோப்பை அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்ட அதே கசுயோஷி மியுரா. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே சட்டையில் சேர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. இது என் ஊகம், உங்களுக்கு மிகையாகப் படலாம். ஸ்கோர் கடைசிவரை 1-0. அந்த ஆண்டு 34 ஆட்டங்களில் அவர்கள் வென்றவை மொத்தம் நான்கு. அவற்றில் ஒன்று இது. இன்னொன்று மார்ச்சில் மிட்சுசாவாவில் மரினோஸுக்கு எதிராக, அதுவும் 1-0.

ஒரு திருத்தம். சமன் செய்திருந்தாலே உராவாவுக்குப் போதும் என்று சென்ற கட்டுரையில் எழுதிவிட்டேன். தவறு. அதே நேரத்தில் காஷிமா 3-0 என்று ஷிமிசுவை வென்று 72 புள்ளிகளுக்குப் போய்விட்டது. சமன் செய்திருந்தாலும் உராவா 71இல்தான் நின்றிருக்கும்.