ஆறு – கரை ஏணி: ‘டு’வில் மாட்டிக்கிட்டா

ஒரு படிக்கு ஒரு எழுத்து மட்டும் மாத்தி, ஒவ்வொரு படியும் சொல்லா நிக்கற மாதிரி ‘ஆறு’வைக் ‘கரை’ ஆக்கற சொல் ஏணியில, ‘ஆடு’க்கு மேல நகரலைன்னு கேட்டிருந்தீங்க. ஆடு வேண்டாமுங்க. ஆறு, ஆடை, கடை, கரை. மூணே மாற்றம். திருப்பூர்க்காரரான நீங்க கேட்ட புதிர் ஆடை வழியா அவிழ்றது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

நீங்க ஆடு, மாடு, காடுன்னே சுத்தக் காரணம், முதலெழுத்தை மட்டும் மாத்தினதா இருக்கும். தமிழ்ல உயிர்மெய் முழுசா ஒரே எழுத்து. ‘று’வை நேரா ‘டை’ ஆக்கலாம்.

அடுத்த தடவை கடைசிச் சொல்லிலிருந்து பின்னாடி வாங்க: ‘கரை’யில ஒரு எழுத்து மாத்தினா கதை, கலை, கடை, கறை. எதோட முதலெழுத்து ‘ஆ’ ஆனா சொல்லா நிக்குதுன்னு பாருங்க. கலையும் நிக்கும், ஆலை.

வாய்க்கா ஓரம் நாலு இலையோட கிடக்குமே, அந்த ஆரைக்கீரை ஞாபகம் வந்தா ஆறு, ஆரை, கரைன்னு ரெண்டே மாற்றம்!

ஒண்ணு மட்டும்: நீங்களே புதிர் போடறப்ப வீட்டுக்கு நம்ம ஊர்ப்பேச்சு ‘ஊடு’ போடாதீங்க. அகராதியில அது ‘இடை’. வெளியூர்ப் பிள்ளைங்க திணறும்.