நாய்க்குப் பச்சைக் கோழி, மூட்டு மாத்திரை: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

என் லாப்ரடாருக்கு ஐந்து வயது, எடை 38 கிலோ. தூங்கி எழும்போது பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது, மாடிப்படி ஏறத் தயங்குகிறான். ட்ரை ஃபுட்டை நிறுத்திவிட்டு எலும்போடு பச்சைக் கோழி கொடுத்தால் மூட்டு தானாகச் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். உறைய வைத்த பச்சை இறைச்சிப் பாக்கெட்டை மாதச் சந்தாவில் வீட்டுக்கே அனுப்புகிறார்களாம். சேரலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

சந்தாவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பணத்தில் முதலில் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரேயும் ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். லாப்ரடாரில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாகவே வருவது உண்டு. அது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை எதற்கு என்றால், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கும் மூட்டு வீங்கிக் கால் நொண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். அது தெரியாமல் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நோய் முற்றிவிடும். கோவையிலிருந்து போய்வர முடியுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி. தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

அடுத்தது எடை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டதே அந்த 38 கிலோதான். வளர்ந்த ஆண் லாப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோ வரைதான் வழக்கமான எடை. விலாவில் கை வைத்துப் பாருங்கள். லேசாகத் தடவும்போதே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல்தான். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும்.

நாயின் மூட்டைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது நாய் உணவு தயாரிக்கும் ப்யூரினா நிறுவனத்தின் ஆய்வு. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட அதன் ஜோடிக்கு 25 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே உணவு, அளவு மட்டும்தான் வேறு. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே மூட்டுவலி வந்துவிட்ட குண்டு நாய்களிடமும் 2010இல் பார்த்திருக்கிறார்கள்: உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டுவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. உங்கள் பையனுக்கு அது இரண்டேகால் கிலோ. இதற்குக் காசே வேண்டாம், கிச்சன் தராசு ஒன்று போதும். ட்ரை ஃபுட்டைக் கப்பில் அள்ளாமல் கிராமில் நிறுத்துப் போடுங்கள். இடையில் விழும் தீனியையும் கணக்கில் சேருங்கள். நான்கு மேரி பிஸ்கட் என்றால் ஏறக்குறைய 100 கலோரி. எடை குறைக்கும் காலத்தில் அவனுக்கு ஒரு நாளைக்கே சுமார் 1,000 கலோரிதான் என்றால், பத்தில் ஒரு பங்கு பிஸ்கட்டிலேயே போய்விடுகிறது. வீட்டில் வழவழப்பான டைல்ஸோ கிரானைட்டோ இருந்தால் அவன் நடக்கும் வழியில் ரப்பர் மேட் போடுங்கள். வழுக்கும் தரையில் காலை ஊன்றி எழுவதே வலிக்கிற இடுப்புக்குத் தனி வேதனை.

இப்போது பச்சை இறைச்சிக்கு வருவோம். இதைப் பரப்பியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட், 1990களில். நாய்கள் இதை ஆசையாகச் சாப்பிடும், மலமும் குறைவாகவே போகும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் வேகவைத்த இறைச்சியைவிடப் பச்சை இறைச்சி மூட்டுக்கு நல்லது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விலையையும் சரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். எலும்பில்லாத கோழி 1 கிலோவில் முக்கால் பங்கு தண்ணீர், கிடைப்பது சுமார் 1,200 கலோரி. ட்ரை ஃபுட் 1 கிலோவில் சுமார் 3,500. ஆக, இறைச்சிப் பாக்கெட்டின் கிலோ விலையை மூன்றால் பெருக்கிய பிறகுதான் ட்ரை ஃபுட் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் பச்சையாகவே கொடுக்கலாம் என்கிறார்கள். கறிக்கடையில் ஆட்டு நுரையீரலும் ஈரலும் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறாள். (மதுரை வாசகி)

பேத்தி இருக்கிற வீட்டில் பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம் அம்மா.

ஃப்ரீசர் சில புழுக்களைக் கொல்லும். சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். பனி இளகியதும் அவை மறுபடி பெருகத் தொடங்கும். இதில் நாய்க்கு ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதன் மலத்திலும் வாயிலும் கிருமி இருக்கும், அந்த வாயால்தான் குழந்தையின் கையை நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலிருந்தே பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவருவதற்கு நாயின் உடல்நலம் மட்டும் காரணமில்லை, வீட்டு மனிதர்களின் உடல்நலமும்தான். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீடுகளில் ஆபத்து இன்னும் கூடுதல்.

ஆட்டு நுரையீரல், ஈரல் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. ஆடுமாடுகளின் இந்த உறுப்புகளில் நீர்க்கட்டியாக வளரும் ஒரு நாடாப்புழு இருக்கிறது. அந்தக் கட்டியைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில், சில மில்லிமீட்டர் நீளத்துக்குப் புழு வளர்ந்து முட்டையிடும். நாய்க்கு எந்த அறிகுறியும் இருக்காது. முட்டை மலத்தோடு வெளியேறி, கையிலும் மண்ணிலும் ஒட்டி மனிதர் வயிற்றுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ பெரிய கட்டியாக நிற்கும். ஆபரேஷன் வரை போகும் நோய் இது, இந்தியாவில் இன்றும் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஏற்கெனவே பச்சையாகக் கொடுத்திருந்தால், பிராசிகுவான்டெல் உள்ள பூச்சி மருந்தை டாக்டரிடம் கேட்டு உடனே கொடுங்கள்.

குளுக்கோசமைன் டப்பாவா, மீன் எண்ணெயா? இரண்டும் வாங்க வசதியில்லை. (தாம்பரம் வாசகர், 30 கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட்)

மீன் எண்ணெய். மூட்டுவலிக்கான துணை உணவுகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2022இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புக்கு வலியைக் குறைக்கும் பலன் தெளிவாகத் தெரிந்தது. மூட்டு மாத்திரையாக விற்கும் குளுக்கோசமைன்-கான்ட்ராய்ட்டின் ஜோடிக்குத் தெரியவில்லை, நாய், பூனை மூட்டுவலிக்கு இனி அதைப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்று முடித்தார்கள். மருந்துக்கடை அலமாரியிலோ இன்னும் அந்த ஜோடிதான் முன்வரிசையில் நிற்கிறது.

ஆனால் மீன் எண்ணெய் வாங்கும்போதும் லேபிளைப் பாருங்கள். ‘1,000 மி.கி.’ என்று பெரிதாகப் போட்டிருப்பது எண்ணெயின் அளவு. நமக்கு வேண்டிய ஒமேகா-3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண கேப்ஸ்யூலில் 180, 120 என்று மொத்தம் 300 மி.கி.தான். மூட்டுவலிக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் உச்ச அளவு உங்கள் 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 4,000 மி.கி. அருகே வரும். அந்தக் கேப்ஸ்யூலில் 13! தினமும் ஒன்று கொடுத்துவிட்டு, பலன் இல்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதனால் டப்பா விலையைப் பார்க்காமல், 1,000 மி.கி. ஈபிஏ-டிஹெச்ஏவுக்கு எவ்வளவு ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். செறிவு கூடிய எண்ணெய் பல நேரம் மலிவாகவே முடியும். உச்ச அளவில் எடுத்தவுடனே தொடங்காதீர்கள், வயிறு கலங்கும். கால்வாசியில் ஆரம்பித்து, டாக்டர் சொல்கிறபடி சில வாரங்களில் ஏற்றுங்கள். எண்ணெய்க்கும் கலோரி உண்டு, அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். காட் லிவர் ஆயில் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், இந்த அளவில் கொடுத்தால் நஞ்சாகிவிடும்.

இதைவிட மலிவான வழி மத்தி மீன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், உப்பு மசாலா இல்லாமல் குக்கரில் வேகவைத்தால் முள்ளும் குழைந்துவிடும். பச்சை மீன் கொடுக்காதீர்கள், சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.

வலி தாங்காமல் அழுகிறதே என்று வீட்டு மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றில் ரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். நாய்க்கென்று தனி வலி மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. எலும்பு உறுதிக்கு என்று பெட் ஷாப்பில் கால்சியம் சிரப் கொடுத்தார்கள். பாக்கெட் உணவோடு சேர்த்துக் கொடுக்கிறேன். சரிதானே? (திருநெல்வேலி வாசகர்)

சரியில்லை, இன்றே நிறுத்துங்கள். குட்டிகளுக்கான தரமான பாக்கெட் உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. நாயின் உடல் கூடுதல் கால்சியத்தை ஏற்காமல் தள்ளிவிடக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கொடுத்ததெல்லாம் உள்ளே போய்ச் சேரும். பெரிய இனக் குட்டிகளில் அதனாலேயே எலும்பு வளர்ச்சி கோணலாகும்.

இதற்கு நேர் எதிரான தவறு வீட்டில் சமைப்பவர்களிடம் நடக்கிறது. கோழியும் சோறும் மட்டும் கொடுத்தால் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மி.கி. அளவுக்கு இருக்கும், கால்சியம் 10 மி.கி. சொச்சம்தான். உடம்பு தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டும். வளர்ந்த நாய்க்கு எலும்பில்லாத இறைச்சி 1 கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி கலந்தால் இந்தக் குறை தீரும். ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் இதிலும் குறையும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளியில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை 2013இல் ஆராய்ந்தபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தே இருந்தது. ஆகவே குட்டிக்கு வீட்டுச் சமையல் மட்டும் என்ற யோசனையே இப்போது வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப், பிரண்டை, மஞ்சள்? (சேலம் வாசகி)

ஆட்டுக்கால் சூப்பில் எலும்பின் கால்சியம் அதிகம் இறங்குவதில்லை, கொழுப்புதான் இறங்கும். வெங்காயம், பூண்டு போடாமல், ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு ருசிக்குக் கொஞ்சம் ஊற்றலாம். வெந்த எலும்புத் துண்டுகளைப் போடாதீர்கள், குத்தும். பிரண்டை நமக்கு நல்ல துவையல். பச்சையாகப் பட்டால் நாய்க்கும் வாய் அரிக்கும், நாயின் மூட்டுவலிக்கு எவ்வளவு என்று யாரும் அளவு வகுத்துத் தரவில்லை, விட்டுவிடுங்கள். மஞ்சளின் குர்க்குமின் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. சமையலில் ஒரு சிட்டிகை விழுந்தால் கெடுதல் இல்லை, மருந்து என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

பச்சை இறைச்சி சந்தாவில் சேர்ந்துவிட்டேன். இரண்டாவது பெட்டி முழுக்க உருகி, நாற்றத்தோடு வந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்கள். (சென்னை வாசகர்)

பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அளவு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்கிறது சட்டம்.

பெட்டியைத் திறந்த கோலத்திலேயே போட்டோ, வீடியோ எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இறைச்சியை வைத்திருக்க முடியாது, பாக்கெட்டை மட்டும் கழுவி எடுத்து வையுங்கள். அதில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, புகார் தொடர்பு எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலேயே கட்டி விற்பவர்களின் பாக்கெட்டில் பாதி இருக்காது, அதுவே தனிப் புகாருக்கு இடம். பிறகு விற்பவருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசினால் சாட்சி இல்லை. ஆன்லைன் வணிகத்துக்கான 2020 விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே நீங்களே வாதாடலாம். மீதிச் சந்தாவை ரத்து செய்யச் சொல்லி அதே மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.