தேதி தவறிப்போச்சு டாக்டர், இப்ப என்ன செய்யறது?

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தேதியை எங்கள் ஊர்ப்பக்கம் "வாய்தா" என்றுதான் சொல்வார்கள், கோர்ட்டு வாய்தா போல. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்று முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான், எத்தனை பேர் அந்த வாய்தாவுக்கு வராமல் போனார்கள், எத்தனை பேரை நாங்களே கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பினோம் என்று எண்ணினால் தலை சுற்றும். அது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு சுகரும் பிரஷரும். ஜிஎச்சில் மாதாமாதம் மாத்திரை வாங்குவார். நடவு வேலையில் மூன்று வாரம் தள்ளிப்போய், மாத்திரையும் தீர்ந்துவிட்டது. இப்போது போனால் திட்டுவார்கள் என்று போகவே மறுக்கிறார்.

திட்டுவார்கள். மறைப்பானேன், நானே திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டு பத்து விநாடிதான், ஏனென்றால் பின்னால் வரிசையில் நூறு பேர் நிற்பார்கள், அதற்குமேல் திட்ட டாக்டருக்கு நேரம் கிடையாது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த மாதத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தேதி தவறியவருக்கு மாத்திரை கிடையாது என்று எந்த அரசு மருத்துவமனையிலும் சட்டம் இல்லை.

திட்டை விட எனக்குக் கவலை வேறு விஷயத்தில். திட்டுக்குப் பயந்து நிறையப் பேர் "ஒழுங்கா போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பொய் சொல்லிவிடுவார்கள். டாக்டர் பார்க்கிறார், சுகர் 320. ஒழுங்காகப் போட்டும் 320 என்றால் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றி எழுதிவிடுகிறார். வீட்டுக்குப் போய் அந்த நோயாளி நிஜமாகவே ஒழுங்காகப் போட ஆரம்பிக்கிறார், நாலாம் நாள் வயலில் வேர்த்து மயங்கி விழுகிறார், சுகர் தாழ்ந்துபோய். இப்படி 108-இல் ஏறி வந்தவர்களை நான் ஒருவர் இருவர் என்று பார்க்கவில்லை. அதனால் உள்ளே போனதும் அப்பா சொல்லவேண்டிய முதல் வாக்கியம் "மூணு வாரமா மாத்திரை போடலை". இதற்கு நேர் எதிர்க்கேஸும் உண்டு: போகிற அன்று காலையில் மட்டும் பக்கத்து வீட்டில் இரண்டு மாத்திரை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற மாதிரி. அதுவும் வேண்டாம்.

விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போடவும் கூடாது. நோட்டில் அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை எழுதியிருந்தால் இன்னும் கவனம், அதைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அப்புறம் ஒன்று, ஜிஎச் வரை போக முடியாத மாதங்களுக்காகத்தானே மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, சுகர், பிரஷர் மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அப்பா பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் வந்து சேர்க்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதே நாள் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். மாற்றித் தருவார்களா?

தருவார்கள், ஆனால் முன்கூட்டியே போய்ச் சொன்னால். அன்றைக்குப் போகாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் கழித்துச் சீட்டோடு போய் நின்றால், வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு தேதி போடுவார்கள், அது இன்னும் எத்தனை வாரமோ.

அரசு மருத்துவமனைக்குள் இருக்கிற ஸ்கேன் மையங்களைப் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. நான் வேலையில் இருந்தபோது எம்ஆர்ஐக்கு 2,500 ரூபாய், சிடிக்கு 500. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தால் அதுவும் கிடையாது. இதே எம்ஆர்ஐ வெளியே எத்தனை ஆயிரம் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் அவ்வளவு கூட்டம். ஒரு ஆள் வராவிட்டால் அந்த அரைமணி நேரம் இயந்திரம் சும்மா கிடக்கிறது, வார்டில் படுத்திருக்கிற ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கே எடுத்திருக்கலாம். சொல்லிவிட்டு மாற்றுவதில் தப்பே இல்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். ஃபோன் நம்பரே தரமாட்டார்கள், தந்தாலும் எடுக்கமாட்டார்கள். இது எங்கள் பக்கத்துக் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். தேதி வாங்கும்போதே "வர முடியலைன்னா யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு நாள் முன்பு யாராவது ஒருவர் சீட்டோடு நேரில் போகவேண்டியதுதான், அம்மா போகத் தேவையில்லை.

வந்தும் ஸ்கேன் எடுக்காமல் திரும்புகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள், அது இல்லாமல் போய் நிற்பது. எம்ஆர்ஐ என்றால் உடம்புக்குள் பேஸ்மேக்கர், கிளிப் ஏதாவது இருப்பதைப் படுக்கவைக்கிற நேரத்தில் சொல்வது. இதையெல்லாம் தேதி வாங்குகிற அன்றே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

என் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முந்தின நாளே அட்மிட் ஆகி, ராத்திரியிலிருந்து பட்டினி. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வந்து "இன்னைக்கு இல்லை, அடுத்த வாரம்" என்றார்கள். அவர்கள் தேதி மாற்றினால் மட்டும் கேள்வி கேட்க ஆள் இல்லையா?

நியாயமான கோபம். என் அம்மாவுக்கே இது நடந்திருக்கிறது. நான் அரசு டாக்டர் என்று தெரிந்தும் ஒரு மருத்துவமனையில் மூன்று மணி வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் உட்கார வைத்துவிட்டு, கண் ஆபரேஷன் இல்லை என்று வார்டு பாய் வந்து சொன்னார். டாக்டர் வந்து சொல்லியிருந்தால் பாதிக் கோபம் போயிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், பல இடங்களில் அவசர ஆபரேஷனும் தேதி போட்ட ஆபரேஷனும் ஒரே தியேட்டரில், ஒரே மயக்க மருந்து டாக்டரை நம்பி நடக்கிறது. காலை எட்டு மணிக்கு லிஸ்டில் ஆறு பேர் இருப்பார்கள். பத்து மணிக்குக் குடல் வெடித்து ஒருவர் வருவார், பதினொன்றுக்கு சிசேரியன் ஒன்று. குடலிறக்கம் காத்திருக்கும், குழந்தை காத்திருக்காது. லிஸ்டின் கடைசி இரண்டு பேருக்கு அன்று ஆபரேஷன் இல்லை. இதில் யார் மேலும் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பதினொன்றரைக்கே தெரிந்துவிட்ட விஷயத்தை இரண்டு மணிக்குச் சொல்வது வெறும் அலட்சியம், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நோயாளி பக்கத்திலிருந்தும் ரத்தாகும். அன்று காலை பிரஷர் 180-க்கு 110-ஐத் தாண்டினால் பெரும்பாலான மயக்க மருந்து டாக்டர்கள் தொடமாட்டார்கள். பட்டினி என்றதும் பிரஷர் மாத்திரையையும் போடாமல் விட்டதால்தான் பலருக்கு ஏறியிருக்கும், எந்த மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம் என்று முந்தின நாளே கேளுங்கள். இன்னொரு காரணம் காபி. "காபிதானே குடிச்சேன், சாப்பிடலையே" என்பார்கள். பால் கலந்த காபி சாப்பாட்டுக்குச் சமம், ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும், அதனால் ராத்திரி பத்திலிருந்து மதியம் வரை தொண்டை காயக் கிடக்கவேண்டிய அவசியமே இல்லை, இதை வார்டில் தைரியமாகக் கேட்கலாம்.

ரத்தானால் செய்யவேண்டியது: காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தேதியை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள், அந்த லிஸ்டில் முதலாவதாகப் போடும்படி யூனிட் சீஃபிடம் கேளுங்கள், ஒருமுறை தள்ளிப்போனவரை முன்னால் போடுவது எங்களிடையே நடைமுறையில் உள்ள மரியாதைதான். காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தால் புதுத் தேதிக்கும் அது செல்லுமா என்று காப்பீட்டு வார்டு மேலாளரிடம் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள். முதலில் உங்கள் கணவருக்குச் சாப்பாடு கொடுங்கள். சுகர் உள்ளவர் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான்.

மகள் ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அவள் பதிவு செய்த ஊரில் இந்த மாதச் செக்கப் விட்டுப்போச்சு. முத்துலட்சுமி ரெட்டி பணம் நின்றுவிடுமா?

அந்த மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும், தவணை தவணையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனையோடு வரும். ஒரு மாதம் ஊர் மாறிப் போனதால் எல்லாம் போய்விடாது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தாய் சேய் நல அட்டையும் கையில் இருந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துப் பதிவு போடுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் ஊர் வழக்கம், செவிலியர்களுக்கு இது தினப்படி வேலை.

பணத்தை விடுங்கள். ஏழாம் மாதத்துக்குமேல் செக்கப் தவறினால் நான் பயப்படுவது பிரஷருக்கு. தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தேதி பார்க்காமல் அன்றைக்கே போகவேண்டும், ராத்திரி ஆனாலும். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து எடுக்கிற சோதனை 24-லிருந்து 28 வாரத்துக்குள் செய்திருக்கிறார்களா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போங்கள்.

குழந்தைக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி. சளி என்று போகவில்லை, ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. முதலிலிருந்து போடவேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். வருகிற புதன்கிழமை போங்கள். சாதாரணச் சளி, லேசான காய்ச்சலுக்கெல்லாம் தடுப்பூசியைத் தள்ளவேண்டாம்.

டிபி மாத்திரை இரண்டு மாதம் சாப்பிட்டேன். இப்போது திருப்பூரில் வேலை. ஊருக்குப் போய் மாத்திரை வாங்க லீவு கிடைக்கவில்லை. இருமலும் நின்றுவிட்டது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இருமல் நின்றாலும் கிருமி நிற்கவில்லை, பாதியில் விட்டால் திரும்பி வருகிற கிருமி இதே மாத்திரைக்கு மசியாமல் போகலாம். ஊருக்குப் போகவே வேண்டாம், டிபி சிகிச்சைப் பதிவுக்காக உங்களுக்குக் கொடுத்திருக்கிற நிக்‌ஷய் எண் இந்தியா முழுக்கச் செல்லும். திருப்பூரிலேயே அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த எண்ணைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கே.

தேதி வாங்கிவிட்டு வராதவர்களுக்கு வெளிநாட்டில் ஃபைன் போடுகிறார்களாமே. இங்கேயும் போட்டால்தான் திருந்துவார்கள்.

இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஆண்டுக்கு 1.5 கோடிக்கு மேல் குடும்ப டாக்டர் சந்திப்புகள் இப்படி வீணாகின்றன என்று அவர்களுடைய அரசு மருத்துவச் சேவையே 2019-இல் கணக்குச் சொன்னது. 2022-இல் கட்சித் தலைமைப் போட்டியில் நின்ற ரிஷி சுனக் 10 பவுண்டு அபராதம் என்று அறிவித்தார், பிரதமர் ஆனதும் அதைக் கைவிட்டார். ஆக அங்கேயும் போடவில்லை.

எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. என்னிடம் வராமல் போனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் சோம்பேறித்தனம் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் கூலி போகும், கூட வருகிற மகனின் கூலியும் போகும், முதல் பஸ் தவறினால் டோக்கன் தீர்ந்துவிடும், துக்க வீடு, நூறு நாள் வேலை அன்றைக்குத்தான் வந்தது. இவர்களுக்கு வராத அன்றே ஒரு நஷ்டம் ஆகிவிட்டது, அதன்மேல் அபராதமும் போட்டால் அடுத்த முறையும் வரமாட்டார்கள். காரில் வந்து இறங்குகிறவர் பத்து அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவார்.

பாட்டிக்கு எத்தனை முறை சொன்னாலும் தேதி நினைவில் நிற்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வரும் என்கிறார்கள், வருவதே இல்லை.

சீட்டில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் பாதி, வெளியூரில் வேலைக்குப் போன பேரனுடையதாகவோ எப்போதோ மாற்றிய சிம்முடையதாகவோ இருக்கும். பதிவு செய்கிற கவுண்டரில் உங்கள் நம்பரை மாற்றிக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

பாட்டிக்கு 17-ஆம் தேதி என்று சொன்னால் நிற்காது. என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் நோட்டில் தேதியை எழுதிவிட்டு, "அமாவாசை கழிச்சு மூணாம் நாள்", "சந்தைக்கு மறுநாள்" என்று வாயால் சொல்லி அனுப்புவார். அவர் அனுப்பிய பாட்டிகள் சீக்கிரமே வந்து, எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.