தோற்ற கோர்ட்டுக்கே திரும்பிப் போனவர்

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் பற்றிப் போன இதழில் நாலைந்து வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் சரியாகிவிட்டது.

கேள்வி: இரண்டே இரண்டு கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர். செரீனா 23, ஸ்டெஃபி 22. ஹாலெப்பை ஏன் இவ்வளவு தூக்கி வைத்து எழுதுகிறீர்கள்? (பெரம்பூர் வாசகர்)

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. கிராண்ட்ஸ்லாம் என்னும் நான்கு பெரிய போட்டிகளில் 2018 பிரெஞ்ச் ஓபன், 2019 விம்பிள்டன், மொத்தம் 24 டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) பட்டங்கள், 64 வாரம் நம்பர் ஒன். ஆனால் என்னை அவர் பக்கம் இழுத்தது அவர் தோற்ற ஆட்டங்கள்தான்.

2017 மார்ச்சில் மயாமியில் ஜொஹானா கோன்டாவிடம் தோற்றார். அதோடு பயிற்சியாளர் டேரன் காஹில் விலகிக்கொண்டார். ஆட்டத்தில் குறை என்று அல்ல, கோர்ட்டில் ஹாலெப் நடந்துகொண்ட விதம் பிடிக்காமல். பின்தங்கினால் முகம் வாடும், தன்னையே நொந்துகொள்வார், மனசளவில் ஆட்டத்தை அப்போதே விட்டுவிடுவார். காஹில் போனது அவரை உலுக்கிவிட்டது. மாறிக் காட்டினார், சில வாரங்களில் காஹிலும் திரும்பி வந்தார்.

அப்புறம் அதே வருஷம் பாரிஸில் பிரெஞ்ச் ஓபன் இறுதி ஆட்டம். எதிரில் உலகத் தரவரிசையில் 47-ஆம் இடத்தில் இருந்த இருபது வயது ஒஸ்டபென்கோ. ஹாலெப் ஒரு செட் முன்னிலை, இரண்டாவது செட்டில் 3-0. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். அங்கிருந்து அந்தப் பெண் பயமே இல்லாமல் அடிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது செட்டில் வெளியே போக வேண்டிய ஒரு பேக்ஹேண்ட் நெட்டின் விளிம்பில் பட்டு, திசை மாறி, உள்ளே விழுந்தது. ஹாலெப் என்ன செய்ய முடியும்? 4-6, 6-4, 6-3 என்று கோப்பை ஒஸ்டபென்கோவுக்குப் போயிற்று. 2014-இல் ஷரபோவாவிடம் தோற்றதும் அதே பாரிஸில்தான். 2018 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டத்தில் வோஸ்னியாக்கியிடமும் தோற்று, உடம்பில் நீர்ச்சத்து வற்றி, ராத்திரி மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

மூன்று இறுதி ஆட்டம், மூன்றும் தோல்வி. அடுத்த ஐந்தாவது மாதம் மறுபடி பாரிஸ் இறுதி ஆட்டம். இந்த முறை ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் 2-0 முன்னிலை. போன வருஷம் தான் முன்னிலையில் இருந்தே தோற்றதை நினைத்துக்கொண்டு, எதிரிக்கும் அப்படி நடக்கலாமே என்று நம்பியதாக ஹாலெப் பிறகு சொன்னார். 3-6, 6-4, 6-1. 1978-இல் அங்கே ஜெயித்த விர்ஜினியா ருஸிச்சுக்குப் பிறகு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வாங்கிய முதல் ருமேனியப் பெண். அந்த ருஸிச்தான் இவருக்கு மேனேஜராக இருந்தார்.

கீழ்ப்பாக்கத்தில் என்னிடம் கிளே கோர்ட்டில் பழகும் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு பந்து நெட்டில் விழுந்தால் போதும், ராக்கெட்டால் தொடையில் ஒரு அடி, உடனே கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவை ஒரு பார்வை. அடுத்த இரண்டு பாயின்ட்டும் கையை விட்டுப் போகும். ஃபோர்ஹேண்டைத் திருத்த எனக்குத் தெரியும். அந்தப் பார்வையைத் திருத்துவதுதான் பெரும்பாடு. இருபத்தைந்து வயதில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஹாலெப் அதைத் திருத்திக்கொண்டார். எனக்கு செரீனாவின் 23-ஐ விட அது பெரிசு.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. உயரம் குறைவு, சர்வீஸும் வலுவில்லை. டென்னிஸ் சரிப்பட்டு வராது என்கிறார்கள். (தாம்பரத்திலிருந்து ஒரு அப்பா)

ஹாலெப்பின் உயரம் 168 செ.மீ. 2019 விம்பிள்டன் இறுதியில் எதிரே செரீனா, உலகமே அஞ்சிய சர்வீஸ். 56 நிமிஷத்தில் 6-2, 6-2 என்று முடித்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் தானாகச் செய்த பிழை மூன்றுதான். பந்து எழும்பும்போதே எடுப்பார், குறுக்கே வந்த பந்தை இரண்டு கை பேக்ஹேண்டால் கோட்டோரம் நேராகத் திருப்புவார், ஒரு அடி முன்னாடியே போய் நிற்பார். எல்லாம் கால் வேலை. உங்கள் மகளுக்கு இப்போது சர்வீஸ் வேகம் முக்கியமில்லை, ஸ்கிப்பிங் கயிறு முக்கியம். அடுத்தவர் பேச்சை விடுங்கள் சார்.

கேள்வி: ஊக்கமருந்து வழக்கில் சிக்கியவரைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா? (அண்ணா நகர் வாசகி)

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. 2022 யுஎஸ் ஓபனில் எடுத்த மாதிரியில் ராக்ஸாடுஸ்டாட் இருந்தது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குக் கொடுக்கும் மருந்து அது. சிவப்பணுவைக் கூட்டும் என்பதால் விளையாட்டில் தடை. 2023-இல் நான்கு வருஷத் தடை விதித்தார்கள். 2024 மார்ச்சில் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. கலப்படமான சத்துப்பொருள் வழியாக அந்த மருந்து உடம்புக்குள் போயிருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. அவர் கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு என்றது. தீர்ப்பு வருவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆடாமல் கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய ஹாலெப்பை யாரும் பார்க்கவில்லை. முட்டியும் தோளும் ஒத்துழைக்கவில்லை.

நான் அவரை எடுத்துக்காட்டாகத்தான் சொல்வேன், வழக்கையும் சேர்த்தே சொல்வேன். ஏனென்றால் இங்கே பதிமூன்று வயசுப் பிள்ளையின் பையில் பேர் தெரியாத புரோட்டீன் டப்பாவைப் பார்க்கிறேன். ஜிம்மில் யாரோ கொடுத்தார்களாம். தயவுசெய்து வேண்டாம். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, பால் போதும். மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் லேபிளைப் படம் எடுத்து வைத்து, விளையாட்டு மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: ஹாலெப் சென்னையில் ஆடியிருக்கிறாரா? (மயிலாப்பூர் மாணவி)

இல்லையம்மா. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் டபிள்யூடிஏ போட்டி நடந்து, பதினேழு வயது செக் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா ஜெயித்தார். அப்போது ஹாலெப் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த வருஷ ஆட்டத்தையே முடித்திருந்தார். 2025 அக்டோபரில் அந்தப் போட்டி இங்கே திரும்பி வருவதற்குள், பிப்ரவரி 4 அன்றே, சொந்த நாட்டில் க்ளூஜ் நகரத்தில் கடைசி ஆட்டத்தை ஆடி ஓய்வை அறிவித்துவிட்டார். பழைய ஆட்டம் ஒன்று பார்க்க ஆசை என்றால் 2018 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியின் ஹைலைட்ஸைத் தேடிப் பார். எதிரில் கெர்பர், மூன்றாவது செட் 9-7. இன்னும் ஒரே பாயின்ட் போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட்டில் இருந்து ஹாலெப் மீண்டு வந்து ஜெயித்த ஆட்டம்.